கிட் காருக்குத் துணிக்கூரை மாட்டுவது எப்படி

பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் காருக்குக் கிட் கார் என்று பெயர். 1957இல் லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தபோது, முழுக் காராக வாங்கினால் பிரிட்டனில் கொள்முதல் வரி கட்ட வேண்டியிருந்தது, பாகங்களாக வாங்கினால் வேண்டியதில்லை. ஆனால் பூட்டும் முறையைப் பெட்டியோடு தரக்கூடாது என்று விதி இருந்ததாம். அதனால் காரைப் 'பிரிக்கும்' முறையை அச்சடித்துக் கொடுத்தார்கள், வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டார் என்று கிட் கார்க்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கூரை விஷயத்தில் எனக்கு அந்தக் கதைதான் நினைவு வரும். துணியோடு வரும் ஒற்றைத் தாளில் ஓட்டை போடுவது முதலில் இருக்கும். நீங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் என் கராஜில் நிற்பது அதே செவன் சாயல் வண்டி. அலுமினிய உடம்பு, வினைல் (பிளாஸ்டிக் பூசிய துணி) கூரை. இந்த வகைக் கூரை பெரும்பாலும் ஓரம் தைத்து வரும், டிச் பட்டன் அடித்திருக்காது. காருக்குக் கார் இரண்டு விரல் வித்தியாசம் இருக்கும் என்பதால் அதுவே நல்லது.

முதலில் நாளைப் பாருங்கள். வினைல் குளிரில் விறைத்துச் சுருங்கும், வெயிலில் இளகும். ஜனவரியில் அளந்து மாட்டினால் ஜூலையில் தொய்ந்து தொங்கும். கொளுத்தும் வெயிலில் முறுக்கி இழுத்து மாட்டினாலோ குளிர்காலத்தில் பின்பக்கப் பட்டன் எட்டவே எட்டாது. 20 டிகிரி வாக்கில் இருக்கும் நாள் போதும். மடிப்பைப் பிரித்து, காலையிலேயே துணியைக் கார்மேல் விரித்துவிடுங்கள்.

பக்கக் கதவுகளை மாட்டி, மூடிய பிறகுதான் கூரையைத் தொட வேண்டும். கூரையின் ஓரம் கதவின் மேல்விளிம்பைத் தாண்டி வெளியே விழ வேண்டும். உள்ளே விழுந்தால் மழைத்தண்ணீர் நேரே தொடையில்தான். கூரைத் துணியைத் தாங்கும் வளைவுக் கம்பிகளையும் அவற்றின் இடத்தில் நிறுத்துங்கள்.

துணியின் நடுக்கோட்டையும் முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவையும் சாக்பீஸால் குறித்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். முன்பக்கம் நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் கிளிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பிறகு பின்பக்கம் நடு, அதன் இடம், அதன் வலம் என்று மாற்றி மாற்றி. ஒரே பக்கமாகக் கிளிப் போட்டுக்கொண்டே போனால் சுருக்கம் எல்லாம் மறுமூலையில் போய்ச் சேரும்.

இழுக்கும் வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும். எனக்கு மச்சான் வந்தார். "இன்னும் கொஞ்சம் இழுக்கலாமே மாப்ள, தொளதொளன்னு இருக்கு" என்றார். "வேண்டாம் மச்சான், கையால வர்ற அளவு போதும்" என்றேன். குறடு வைத்து இழுத்தால் தையலில்தான் கிழியும். கிளிப்போடு அப்படியே ஒரு இரவு விட்டால் மடிப்புத் தடங்கள் தாமாகவே பாதி தளர்ந்துவிடும்.

அடுத்து ஓட்டை. டிச் பட்டனின் ஒரு பாதியான, காரில் உட்காரும் குமிழை முதலில் பொருத்துங்கள். அலுமினியத் தகட்டில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறித்து, சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் ஒரு புள்ளி தட்டி, திருகைவிட ஒரு மில்லிமீட்டர் சின்ன டிரில் பிட்டால் துளையிடுங்கள். செவன் ரக வண்டியில் பெட்ரோல் டாங்க் பின்பக்கம்தான் இருக்கிறது. துளைக்கும் முன் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிட்டின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி மரத்துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டால் அது ஆழம் போகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவே அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். ஃபைபர்கிளாஸ் உடம்பு என்றால் டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுற்றவிட்டு மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் துளைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு நட்சத்திரம்போல் வெடிக்கும்.

குமிழ் உட்கார்ந்ததும் அதன் தலையில் பழைய லிப்ஸ்டிக்கைத் தொட்டு, துணியை அதன் இடத்துக்கு இழுத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்பக்கம் சிவப்பாக ஒரு வட்டம் விழும், துணியில் ஓட்டைக்கு அதுதான் இடம். மடித்துத் தைத்த ஓரத்துக்குள்ளேதான் அது விழ வேண்டும். ஒற்றைத் துணியில் பட்டன் நிற்காது. துளை போடும் பஞ்ச் கருவியால் துளைத்து, வெளியிலிருந்து மூடி, உள்ளே கிண்ணம், கீழே அச்சு என்று வைத்துச் சுத்தியலால் நேராக அடியுங்கள். மூடியை இரு விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் இன்னொரு அடி. சுற்றாவிட்டால் நிறுத்துங்கள், அதற்கு மேல் அடித்தால் மூடி நசுங்கும். ஒரு பட்டனை அடித்து, மாட்டி, பிறகே அடுத்ததைக் குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகக் குறித்து வைப்பது நேரம் மிச்சம் மாதிரித் தெரியும். துணி ஒவ்வொரு பட்டனுக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

மாட்டி முடித்ததும் சில நாள் கழற்றாமல் விடுங்கள். கழற்றும்போது துணியைப் பிடித்து இழுக்காமல், பட்டனுக்கு அடியில் விரலை விட்டு நெம்புங்கள். ஈரத்தோடு மடிக்காதீர்கள். பின்கண்ணாடி பிளாஸ்டிக் என்பதால் குளிரில் மடித்தால் விரிசல் விடும்; மடித்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள்.