மணல் நிரப்பிய ஸ்பீக்கர் ஸ்டாண்ட்: நீங்களே செய்யலாம்

சின்ன ஸ்பீக்கர்களை மேசை மேலேயோ அலமாரிக்குள்ளேயோ வைத்துக் கேட்பவர்கள்தான் அதிகம். அப்படி வைத்தால் மேசைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு கலந்து பாடுபவரின் குரலைக் கெடுக்கும், பலகையும் சேர்ந்து அதிரும். நல்ல ஸ்டாண்ட் செய்ய வேண்டியது இரண்டே வேலைதான்: ஸ்பீக்கரைக் காது உயரத்துக்குத் தூக்க வேண்டும், தூக்கிய இடத்தில் ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

இங்கே சொல்லப்போவது பிவிசி குழாய், பிளைவுட், நடுவில் ஒரு மரை போட்ட கம்பி, உள்ளே மணல். மர வேலை தெரியாதவர்களும் செய்யலாம், ஏனென்றால் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது அந்தக் கம்பிதான்.

உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

வழக்கமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். தரையிலிருந்து உங்கள் காது வரை உள்ள உயரத்தை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள், நீங்களே குனிந்து அளந்தால் தப்பாகத்தான் வரும். அடுத்து, ஸ்பீக்கரின் அடிப்பக்கத்திலிருந்து ட்வீட்டரின் (கீச்சொலிகளைத் தரும் சின்ன வட்டத்தின்) நடு வரை அளந்து கழியுங்கள். காது 90 செ.மீ., ட்வீட்டர் 23 செ.மீ. என்றால் ஸ்டாண்ட் 67 செ.மீ. உயரம். இதில் கீழ்ப்பலகை 3.6, மேல்பலகை 1.8, ரப்பர் கால் 1 செ.மீ. போனால் மிச்சம் 60.6, அதுதான் குழாயின் நீளம். ஒன்றிரண்டு செ.மீ. கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, ஆனால் இரண்டு குழாயும் ஒரே நீளமாக இருக்கவேண்டும்.

வேண்டிய பொருள்கள்

ஒரு ஸ்டாண்டுக்கு: 110 மி.மீ. பிவிசி குழாய், 18 மி.மீ. பிளைவுட், முழு நீளமும் மரை போட்ட 8 மி.மீ. கம்பி, இரண்டு நட், இரண்டு வாஷர், நான்கு ரப்பர் கால்கள், மரப்பசை, சிலிக்கோன், காய்ந்த மணல். கருவிகளில் ட்ரில், ஹாக்ஸா, ஜிக்சா, 25 மி.மீ. பட்டை பிட், நட்டுக்கு ஏற்ற பாக்ஸ் ஸ்பேனர், உப்புத்தாள், மூலைமட்டம், ரசமட்டம். ஜிக்சா இல்லை என்றால் பிளைவுட் வாங்கும் இடத்திலேயே பலகைகளை அளவுக்கு வெட்டித் தரச் சொல்லிவிடலாம்.

பலகைகள்

மேல்பலகை ஸ்பீக்கரின் அடிப்பரப்பு அளவே போதும், அரை செ.மீ. சிறியதாக இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். கீழ்ப்பலகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே சொன்ன உயரத்துக்குக் குறைந்தது 30 × 35 செ.மீ. வேண்டும், அதுவும் இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி 36 மி.மீ. தடிமனாக. ஒட்டியதும் மேலே பாரம் ஏற்றி ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள்.

குழாயின் உள்விட்டத்தை அளந்து, அதைவிட ஒரு மி.மீ. குறைவாகப் பிளைவுட்டில் இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள். இவை மேல்பலகையின் கீழ்ப்பக்கத்திலும் கீழ்ப்பலகையின் மேல்பக்கத்திலும் ஒட்டப்போகிறவை, குழாய் இவற்றின் மேல் தொப்பி மாதிரி உட்காரும், நகராது. வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தாலும் வெளியே தெரியப்போவதில்லை, உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகிவிடும்.

இனி துளை. ஒவ்வொரு பலகையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். வெளிப்பக்கத்தில் முதலில் 25 மி.மீ. பிட்டால் 10 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள், அதன் பிறகுதான் நடுவில் 9 மி.மீ. துளை. மாற்றிச் செய்தால் பெரிய பிட்டின் முனை பிடித்துக்கொள்ள மரமே இருக்காது, பிட் அங்குமிங்கும் ஓடும். நட்டும் வாஷரும் இந்தக் குழிக்குள் மறைந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். வட்டங்களின் நடுவிலும் 9 மி.மீ. துளை போட்டு, கம்பியைப் பலகைக்கும் வட்டத்துக்கும் ஊடே செருகிக்கொண்டு ஒட்டினால் இரண்டும் தானாக நேர்கோட்டில் நிற்கும். பசை காய்வதற்குள் கம்பியை உருவிவிடுங்கள்.

குழாயும் கம்பியும்

குழாயை நேராக அறுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு நீளமான தாளைக் குழாயைச் சுற்றி, அதன் விளிம்பு விளிம்போடு சரியாகப் பொருந்தும்படி ஒட்டுங்கள். அந்த விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் கோடு போடுங்கள். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டு போகாமல், குழாயைத் திருப்பித் திருப்பிக் கோட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தால் வெட்டு நேராக வரும். உப்புத்தாளைத் தரையில் விரித்து, குழாயை அதன் மேல் நிறுத்தித் தேய்த்தால் மிச்சமிருக்கும் மேடு பள்ளமும் போய்விடும்.

கம்பியின் நீளம் குழாயின் நீளத்தோடு 5.2 செ.மீ. கூட்டியது. அறுப்பதற்கு முன்பே ஒரு நட்டை உள்ளே திருகி வையுங்கள். அறுத்தபின் அதைக் கழற்றும்போது நசுங்கிய மரை சரியாகிவிடும்.

பூட்டுவது

முதலில் மணல் இல்லாமல் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். கம்பியின் முனை இரண்டு பக்கமும் குழிக்குள் அடங்குகிறதா, மேல்பலகையும் கீழ்ப்பலகையும் ஒரே திசையில் நிற்கின்றனவா, ரசமட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் கழற்றி இப்போதே அடித்துவிடலாம்.

அப்புறம் கீழ்ப்பலகையில் கம்பியைப் பூட்டி, துளையையும் வட்டத்தின் ஓரத்தையும் சிலிக்கோனால் அடைத்து, குழாயை அழுத்தி உட்காரவைத்து ஒரு நாள் காயவிடுங்கள். மணல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் பிளைவுட் உப்பும், கம்பி துருப்பிடிக்கும். வெயிலில் பரப்பிக் காயவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

மணலைக் குழாயின் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டும் கொட்டுங்கள். 60 செ.மீ. குழாயில் அது 5 கிலோவுக்குச் சற்று மேலே வரும். இன்னும் கொட்டினால் இன்னும் உறுதிதானே என்று தோன்றும், ஆனால் பாரம் கீழே தங்கியிருந்தால்தான் ஸ்டாண்ட் சாயாமல் நிற்கும், மேலே ஏற ஏற அந்தப் பலன் குறையும். காலிக் குழாயைத் தட்டினால் வரும் டங் என்ற ஓசையும் மணல் போட்டதும் அடங்கிவிடும்.

மேல்பலகையை வைத்து நட்டை இறுக்குங்கள். கம்பி சேர்ந்து சுற்றினால் கீழே இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பலகை வளையத் தொடங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள், குழாய் கையால் திருப்ப முடியாமல் நின்றால் போதும். பிறகு ரப்பர் கால்களைக் கீழ்ப்பலகையின் நான்கு மூலைகளிலும், முடிந்தவரை ஓரத்தில் திருகுங்கள். தடித்த கம்பளம் விரித்த தரை என்றால் கூர்முனைக் கால்கள் பொருத்தம், அவை கம்பளத்தைத் தாண்டித் தரையில் ஊன்றும். அதற்கு மேல் அவற்றிடம் மாயம் எதையும் நான் எதிர்பார்ப்பதில்லை.

ஸ்பீக்கரை ஏற்றுமுன்

ஸ்பீக்கரின் எடைக்குச் சமமான புத்தகக் கட்டை மேலே கட்டி, பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். 10 டிகிரி சாய்த்துக் கையை எடுத்தால் தானாக நிமிர வேண்டும், நிமிராவிட்டால் கீழ்ப்பலகையைப் பெரிதாக்குவதுதான் வழி. ஓடி விளையாடும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தச் சோதனை முடியாமல் ஏற்றவே வேண்டாம்.

ஸ்பீக்கருக்கு அடியில் நான்கு மூலைகளிலும் பட்டாணி அளவு ப்ளூ டாக் (களிமண் மாதிரி பிசைந்து ஒட்டும் பொருள்) வைத்து அழுத்தினால் வழுக்காது. சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி வைத்துத் தொடங்கி, அடித்தொனி மெலிந்து கேட்டால் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். சில வாரம் போனபின் ஒருமுறை ஸ்பீக்கரை இறக்கிவிட்டு நட்டைச் சோதியுங்கள், பிளைவுட் அமுங்கியதில் அது அரைச்சுற்று தளர்ந்திருக்கக்கூடும்.