முதல் கூட்டத்துக்குப் போகிறவருக்கு

பட்டறையில் வேலை முடிந்து கை கழுவும்போது மணி ஆறரை ஆகும். ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில்தான் 16 வருடம் என் சம்பளம் கரைந்தது. கோவையில் லேத் ஓட்டுகிறேன். குடியை விட்டு 11 வருடம் ஆகிறது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. அமைப்பில்தான் மீண்டேன். அதன் உறுப்பினர்கள் பொதுவில் எழுதும்போது முழுப்பெயர் போடுவதில்லை. அதனால் என் பெயர் இங்கே வேண்டாம்.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குச் சந்தைக்காரர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் தங்கள் குடியைப் பற்றி மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. இரண்டு பேருக்குமே குடிதான் நோய். இன்று நம் ஊர்க் கூட்டங்களில் நடப்பதும் அதே பேச்சுதான்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு விஷயம். தினமும் குடிக்கிறவர் என்றால், வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நான் அப்படி நிறுத்தி, இரண்டாம் நாள் காலை பல் தேய்க்கும்போது வலிப்பு வந்து விழுந்தேன். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை இருந்தாலே டாக்டரைப் பாருங்கள். வலிப்பு வந்தாலோ, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று கேட்க 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

சரி, கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் ‘ஏ.ஏ. இந்தியா’ என்று ஊர்ப் பெயரோடு தேடினால் உதவி எண் கிடைக்கும். இல்லையென்றால் மனநலப் பிரிவிலோ போதை மறுவாழ்வு மையத்திலோ கேளுங்கள். நானே மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் நோயாளிகளிடம் பேசுகிறேன், அதனால் அங்கே உள்ளவர்களுக்கு எங்களைத் தெரியும்.

போன் செய்ததும் என்ன சொல்வது என்றுதான் எனக்குப் பயம். மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். ‘குடியை விடணும், கூட்டம் எங்கே நடக்குது?’ என்ற ஒரு வரி போதும். எடுப்பவரும் குடித்து மீண்டவர்தான். கிழமை, நேரம், தமிழ்க் கூட்டமா, திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரையும் அழைத்துப் போகலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். நீங்கள் பெண் என்றால், முதலில் ஒரு பெண் உறுப்பினரிடம் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார் என்று கூச்சமா? பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளியுள்ள குழுவுக்குப் போங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் எங்கள் தெரு ஆள். அவரும் அதே காரணத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

பதினைந்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று வாசலோடு திரும்பத் தோன்றும். எங்கள் கூட்டம் ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பறையில். குழந்தைகள் பெஞ்சு, முழங்கால் உள்ளே போகாது, பக்கவாட்டில்தான் உட்கார வேண்டும். நான் முதலில் போன அன்று கரும்பலகையில் பெருக்கல் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசுகிறவர் எழுந்து பெயர் சொல்லி ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். அன்று ஒருவர், மகளின் காதணியை அடகு வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவளோடு சேர்ந்து அதைத் தேடியதைச் சொன்னார். நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான். அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

உங்கள் முறை வந்தால் ‘இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்’ என்று சொல்லலாம். பெயரை மட்டும் சொன்னால் போதும், அதுவும் கட்டாயமில்லை. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்தான் ஒரே தகுதி. கடைசியில் டீ, வாடகைச் செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். புதியவர் போட வேண்டியதில்லை. யாராவது ‘சேர இவ்வளவு பணம்’ என்றால் அது ஏ.ஏ. இல்லை. கூட்டம் சர்ச் கட்டடத்தில் நடந்தாலும் இது எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கடவுள் என்ற சொல் காதில் விழும். அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கு அது கருப்பசாமி, இன்னொருவருக்கு அந்த அறையில் இருக்கும் பத்துப் பேர்.

கிளம்பும் முன் இரண்டு பேரிடமாவது போன் நம்பர் வாங்குங்கள். குடிக்கத் தோன்றும்போது, கடைக்குள் நுழைவதற்கு முன் கூப்பிட வேண்டும். அப்புறம் கூப்பிட்டால் நம் பேச்சை நாமே கேட்க மாட்டோம். சில வாரம் கழித்து, உங்களுக்கு ஒத்துப்போகிற மூத்தவர் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது கூடவே வழிகாட்டுகிறவராக, இருக்கச் சொல்லுங்கள். முதல் குழு பிடிக்கவில்லையென்றால் அடுத்த குழுவைப் பாருங்கள். ஆறு கூட்டமாவது போகாமல் முடிவு செய்யாதீர்கள். நடுவில் குடித்துவிட்டாலும் வாருங்கள். நான் எட்டாம் மாதம் குடித்துவிட்டு, வெட்கத்தில் இரண்டு மாதம் போகவில்லை. அந்த இரண்டு மாதம்தான் எனக்கு மிக மோசமான காலம்.

இதைக் குடிக்கிறவருடைய மனைவியோ அம்மாவோ படித்துக்கொண்டிருந்தால்: அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக இருக்கின்றன. எல்லா ஊரிலும் இல்லை, அதே ஏ.ஏ. உதவி எண்ணில் கேட்டால் சொல்வார்கள். என் மனைவி எனக்கு நான்கு மாதம் முன்னாலேயே போகத் தொடங்கிவிட்டாள். அதற்குமுன் திங்கட்கிழமைதோறும் ‘அவருக்குக் காய்ச்சல்ண்ணா’ என்று முதலாளிக்குப் போன் செய்வது அவள்தான். ஒரு திங்கட்கிழமை போனை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, பாப்பாவைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.