தமிழ்நாடு பற்றிய வினாக்களும் துணுக்குகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினாடி வினாவுக்கும் "தெரியுமா உங்களுக்கு?" பகுதிக்கும் எழுதப் புதிதாக வருகிறவர்கள், முன்னால் எழுதியவர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப் பிழை, பெயர் மாறிப்போவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். யார் கண்ணிலும் படாமல் அச்சேறி, பிறகு மேடையில் தகராறாகவும் விடைக்குறிப்பில் ஆட்சேபணையாகவும் திரும்பி வருகிறவை வேறு.

கடற்கரை நீளத்தை ஒற்றை எண்ணாக எழுதுவது

இதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த ஆண்டு அப்படியே வந்து நிற்கும்.

"தமிழ்நாட்டின் கடற்கரை நீளம் எவ்வளவு?" என்று கேட்டால் மூன்று விடைகள் இருக்கின்றன. மூன்றும் அரசு ஆவணங்களில் உள்ளவை. நாட்டின் மொத்தக் கடற்கரை 7,516.6 கி.மீ. என்ற பழைய மத்திய அரசுப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு 906.9 கி.மீ. மாநில அரசும் மீன்வளத் துறையினரும் நெடுங்காலமாகச் சொல்வது 1,076 கி.மீ. மத்திய உள்துறை அமைச்சகம் 2023-24 ஆண்டறிக்கையில் வெளியிட்ட திருத்திய அளவு 1,068.69 கி.மீ.

கடல் அவ்வளவு முன்னும் பின்னும் போய்விடவில்லை, அளவுகோல்தான் மாறியது. பழைய கணக்கு 1:45,00,000 அளவிலான வரைபடத்தில் எடுத்தது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 45 கி.மீ. கழிமுகங்கள், உப்பங்கழிகள், சிறு வளைவுகள் எல்லாம் ஒரே கோட்டுக்குள் அமுங்கிப் போய்விடும். புதிய கணக்கு 1:2,50,000 அளவில், 2011-ஆம் ஆண்டின் உயர் அலைக் கோட்டை வைத்து எடுத்தது. அதில் ஒரு சென்டிமீட்டர் 2.5 கி.மீ. தான். வளைவுகள் கணக்கில் ஏற ஏற நீளம் கூடுகிறது. அதனால்தான் ஓடைகளும் தீவுகளும் நிறைந்த சுந்தரவனத்தைக் கொண்ட மேற்கு வங்கம் 157.5 கி.மீ.-லிருந்து 721.02 கி.மீ.-க்குத் தாவியது. கரை பெரும்பாலும் நேராக ஓடும் கேரளமோ 569.7-லிருந்து 600.15-க்குத்தான் வந்தது. புதுச்சேரி குறைந்தேவிட்டது. நாட்டின் மொத்தம் 11,098.81 கி.மீ. ஆயிற்று.

எண் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. வரிசையும் மாறிவிட்டது. பழைய மத்தியப் பட்டியலில் குஜராத் முதலிடம், 973.7 கி.மீ.-உடன் ஆந்திரம் இரண்டாம் இடம், தமிழ்நாடு மூன்றாம் இடம். மீன்வளத் துறைப் பட்டியலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. திருத்திய பட்டியலிலும் தமிழ்நாடுதான் இரண்டாவது, ஆந்திரம் 1,053.07 கி.மீ. இரண்டு மாநிலங்களுக்கும் இடையே இப்போதுள்ள வித்தியாசம் 16 கி.மீ.-க்கும் குறைவு. ஒரு அணி "ஆந்திரா" என்கிறது, மற்றொரு அணி "தமிழ்நாடு" என்கிறது, இருவர் கையிலும் புத்தகம் இருக்கிறது. நடத்துகிறவர் கையில் இருப்பது 2010-இல் அச்சான மூன்றாவது புத்தகம். இந்தக் காட்சி அரங்கேறாத மாவட்டப் போட்டி அபூர்வம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரு பட்டியலிலிருந்து மாநிலத்தின் எண்ணையும், இன்னொரு பட்டியலிலிருந்து நாட்டின் எண்ணையும் எடுத்து விழுக்காடு போடுவது. 1,076-ஐ 7,516.6-ஆல் வகுத்து "நாட்டின் கடற்கரையில் 14 விழுக்காடு" என்று எழுதுகிறார்கள். 1,076-க்கு உரிய மொத்தம் மீன்வளத் துறையின் 8,118 கி.மீ.; அப்படி வகுத்தால்தான் பழக்கமான 13 விழுக்காடு வரும். 906.9-க்கு உரியது 7,516.6, அது 12 விழுக்காடு. 1,068.69-க்கு உரியது 11,098.81, அது 9.6 விழுக்காடுதான். பழைய மத்தியக் கணக்கோடு ஒப்பிட்டால் நீளம் கூடியிருக்கிறது, பங்கு குறைந்திருக்கிறது. உண்மையில் சுவையான தகவல் இதுதான். இதை யாரும் எழுதுவதில்லை.

எழுதும் முறை எளிது. எண், அலகு, யார் அளந்தது, எந்த ஆண்டின் கணக்கு ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். "மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கைப்படி, தமிழ்நாட்டின் கடற்கரை நீளம் எத்தனை கி.மீ.?" என்று கேட்டால் ஆட்சேபணைக்கு இடமில்லை. நான்கு தெரிவுகள் தரும் வினாவாக இருந்தால் 1,076-ஐயும் 1,068.69-ஐயும் ஒன்றாகப் போடாதீர்கள். அது மாணவனைச் சோதிப்பதில்லை, அவன் எந்தப் புத்தகம் வாங்கினான் என்பதைத்தான் சோதிக்கிறது.

மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை

இல்லை. மெரினா சுமார் 6 கி.மீ.; வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மட்டுமே ஏறத்தாழ 120 கி.மீ. "நாட்டின் நீளமான நகர்ப்புறக் கடற்கரைகளில் ஒன்று" என்று எழுதுங்கள், போதும்.

இன்றைய வரைபடத்தில் பழைய மாவட்டக் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாவட்டங்கள் 32. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய ஐந்தும் 2019-இலும், மயிலாடுதுறை 2020-இலும் பிரிந்தன. இப்போது 38. ஆனால் காஞ்சிபுரம் என்று போட்டு அருகில் 39.98 லட்சம் என்று மக்கள்தொகை எழுதுகிறார்கள். அது செங்கல்பட்டையும் சேர்த்த எண். வேலூருக்கு எழுதும் 39.36 லட்சத்துக்குள் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இருக்கின்றன. பழைய எண்ணைத்தான் எடுக்க வேண்டியிருந்தால் "பிரிக்கப்படாத" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

இடங்களும் அப்படித்தான். மாமல்லபுரமும் வேடந்தாங்கலும் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். குற்றாலம் தென்காசி மாவட்டம். பூம்புகாரும் தரங்கம்பாடியும் மயிலாடுதுறை மாவட்டம். காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. ஆனாலும் கடலோர மாவட்டங்கள் 13-லிருந்து 14 ஆகக் கூடின. காஞ்சிபுரம் போன இடத்தில் செங்கல்பட்டு வந்தது, கூடுதலாக மயிலாடுதுறை சேர்ந்தது. 2019-க்கு முந்தைய எந்த நூலிலிருந்து இடப்பெயர் எடுத்தாலும் மாவட்டத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பரப்பிலும் மக்கள்தொகையிலும் எத்தனையாவது?

ஓர் அங்குலம்கூடக் கூடாமல் தமிழ்நாடு பரப்பில் 11-ஆவது இடத்திலிருந்து 10-ஆவது இடத்துக்கு வந்தது. காரணம், 2019-இல் ஜம்மு காஷ்மீர் மாநிலப் பட்டியலிலிருந்து விலகியது. 2014-இல் தெலங்கானா பிரிந்ததும், 2011 கணக்கின்படியே மக்கள்தொகையில் 7-ஆவது இடம் 6-ஆவது ஆனது. இட வரிசை எழுதினால் ஆண்டும் எழுதுங்கள்.

"முதல் முதலமைச்சர் யார்?"

ஐந்து விடைகள் உள்ள வினாவை ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கக்கூடாது. சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரவைக்குத் தலைமை ஏற்றவர் சுப்பராயலு ரெட்டியார், 1920. நாடு விடுதலை பெற்றபோது பதவியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். முதல் பொதுத்தேர்தலுக்குப் பின் 1952-இல் வந்தவர் ராஜாஜி. மொழிவாரியாக மாநில எல்லை அமைந்த 1956 நவம்பர் 1 அன்று காமராஜர். "தமிழ்நாடு" என்ற பெயர் நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14 அன்று அண்ணா. அடுத்த மூன்றே வாரங்களில், பிப்ரவரி 3 அன்று, அவர் மறைந்தார். எந்த நாளைக் கேட்கிறீர்களோ அந்த நாளை வினாவுக்குள் வைத்துவிட்டால் ஐந்தும் ஐந்து நல்ல வினாக்கள்.

பெயர் மாற்றத்திலும் இதே குழப்பம் உண்டு. 1967 ஜூலை 18 சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய நாள். பெயர் நடைமுறைக்கு வந்த நாள் அதுவல்ல.

தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது

விழும். மாலையில் போய் நின்று பாருங்கள்.

"தமிழ்நாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழை கிடையாது"

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது; ஆண்டுச் சராசரி சுமார் 92 செ.மீ.-இல் ஏறத்தாழ 44 செ.மீ. அது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. நீலகிரியின் மேற்குப் பகுதியிலும் வால்பாறையிலும் அதுதான் பிரதான மழை. குற்றாலச் சாரலும் அதன் கொடைதான். தருமபுரி, சேலம் பக்கம் மாலை நேர இடிமழையாக வந்து நிலத்தை நனைப்பதும் அந்த மாதங்களில்தான்.

இதைத் தவறாக எழுதினால் மேட்டூர் புரியாமல் போய்விடும். குறுவைக்காக ஜூன் 12-இல் அணை திறப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்க அப்போது நான்கு மாதம் இருக்கிறது. 120 அடி முழு நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட அந்த அணை நிரம்புவது பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கு மழையால். மாநிலத்துக்குள் பெய்யும் மழையையும் மாநிலத்துக்கு வந்து சேரும் தண்ணீரையும் தனித்தனியே எழுதுங்கள்.

கன்னியாகுமரி

நாட்டின் தென்கோடி அல்ல, நிலப்பரப்பின் தென்கோடி. நாட்டின் தென்கோடி கிரேட் நிகோபாரின் இந்திரா முனை. "முக்கடல் சங்கமம்" என்பதை ஊர் வழக்காக எழுதலாம். புவியியல் வினாவாக்க வேண்டாம். சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பின் 1953 எல்லைப்படி வங்காள விரிகுடா ராமர் பாலத்தோடு நின்றுவிடுகிறது. குமரிமுனை இருப்பது லட்சத்தீவுக் கடலின் கரையில்.

தொட்டபெட்டா

2,637 மீட்டர். தமிழ்நாட்டில் உயரமானது. தென்னிந்தியாவில் அல்ல, அது கேரளத்தின் ஆனைமுடி, 2,695 மீட்டர்.

முல்லைப் பெரியாறு "தமிழ்நாட்டில் உள்ள அணை"

1895-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. பரம்பிக்குளம் அணையும் அப்படியே. "உள்ள" என்பதற்குப் பதில் "தமிழ்நாடு இயக்கும்" என்று எழுதுங்கள்.

உலகப் பாரம்பரியச் சின்னங்கள் எத்தனை?

எதை ஒன்று என்று எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமல் இதைத் தொட வேண்டாம். தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் சேர்ந்து ஒரே பதிவு. 1987-இல் தஞ்சை, 2004-இல் மற்ற இரண்டும். மாமல்லபுரம் 1984-இல் தனிப் பதிவு. மாநிலத்துக்குள் முழுமையாக அடங்குபவை இந்த இரண்டுதான். நீலகிரி மலை ரயில் 2005-இல் இந்திய மலை ரயில்கள் என்ற பதிவோடு சேர்க்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012-இல் நான்கு மாநிலங்களுக்கும் பொதுவாக வந்தது. செஞ்சிக்கோட்டை 2025-இல் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக ஏறியது. பதிவுகளை எண்ணினால் ஐந்து. கோயில்களைத் தனித்தனியாக எண்ணுகிறவர் ஏழு என்பார். வினாவில் "எத்தனை பதிவுகள்" என்று இருக்க வேண்டும், விடைக்குறிப்பில் ஐந்தின் பெயரும் இருக்க வேண்டும்.