லாங்கே குன்றுகளில் உணவும் ஒயினும்: முதன்முறை செல்வோருக்கான பயணச் செய்முறை

இத்தாலியின் திராட்சைத் தோட்டங்கள் என்றதும் பலருக்கும் டஸ்கனிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால், உணவையும் ஒயினையும் ஒன்றாக வைத்து அறிந்துகொள்ள விரும்பும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, வடமேற்கே பியெமோந்தே மாநிலத்தில் உள்ள லாங்கே குன்றுகளைத்தான். அல்பா என்ற சிறு நகரத்தை மையமாகக் கொண்ட இந்தப் பகுதியில், தங்கள் பெயரையே ஒயினுக்கும் தந்த ஊர்களான பரோலோ சுமார் 15 கிலோமீட்டர், பர்பரெஸ்கோ சுமார் 10 கிலோமீட்டர் என எல்லாமே அருகருகே இருக்கின்றன. அதனால் ஓரிடத்தில் தங்கி, அலைச்சலின்றிச் சுற்றலாம். லாங்கே, ரோயெரோ, மொன்ஃபெர்ராத்தோ ஆகியவற்றின் திராட்சை நிலக்காட்சியை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தச் செய்முறை முழுவதற்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு ஒயின் நிலவறைகளுக்கு மேல் போக வேண்டாம். அவை இரண்டுக்கும் நடுவில் அவசரமில்லாத மதிய உணவு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இவ்வூர் ஒயின் சாப்பாட்டு மேசைக்காகவே உருவானது என்பதால், நிலவறையில் மட்டும் சுவைத்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அதன் பாதிதான் கிடைக்கிறது.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை குன்றுகள் பச்சையாக இருக்கும், கூட்டம் குறைவு, ஒயின் தயாரிப்பவர்களுக்கும் பேச நேரம் இருக்கும். ஆகஸ்ட் நடுவில் பல கடைகளும் நிலவறைகளும் விடுமுறைக்காக மூடப்படுவதால் அதைத் தவிர்ப்பது நல்லது. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் நெபியோலோ திராட்சையின் அறுவடை நடக்கும். பார்க்க அழகான காலம்தான், ஆனால் சிறிய குடும்ப நிலவறைகளில் யாரும் உங்களுடன் உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

அல்பாவின் வெள்ளை டிரஃபிள் காளான் சந்தை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை நடக்கும். டிரஃபிளுக்காகவே செல்பவர்கள் அக்டோபரின் கூட்டத்தைத் தவிர்த்து நவம்பரில் செல்லலாம். அப்போதுதான் மண்ணில் குளிர் இறங்கி, காளானின் மணம் முழுமையடைந்திருக்கும்.

படி 2: விசா, தங்குமிடம், போக்குவரத்து

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு இணைக்கப்பட வேண்டும். விமானத்தில் மிலான் அல்லது துரின் நகரில் இறங்கலாம். துரினிலிருந்து அல்பாவுக்கு ரயில் உண்டு. காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரையிடத் தவறாதீர்கள். தவறினால் அபராதம் விதிப்பார்கள்.

உணவகங்களும் ரயில் நிலையமும் அருகில் வேண்டுமென்றால் அல்பாவிலேயே தங்கலாம். ஆனால் என் விருப்பம் ‘அக்ரிதுரிஸ்மோ’ எனப்படும் பண்ணைத் தங்குமிடம்தான். இத்தாலியச் சட்டப்படி உண்மையாகவே விவசாயம் செய்யும் பண்ணைதான் இந்தப் பெயரில் விருந்தினரை ஏற்க முடியும் என்பதால், காலை உணவில் வரும் முட்டை, பழப்பாகு, ஹேசல் கொட்டை போன்றவற்றில் பலவும் அந்தத் தோட்டத்திலேயே விளைந்தவையாக இருக்கும்.

குன்றின் மேலுள்ள ஊர்களுக்குப் பேருந்து மிகக் குறைவு, வாடகைக் காரும் எளிதில் கிடைக்காது. சொந்தமாக ஓட்ட விரும்பினால் இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் தேவை. இத்தாலியில் ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹாலின் அளவு லிட்டருக்கு 0.5 கிராம் மட்டுமே. உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் நிறைவடையாதவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆகவே நிலவறைக்குச் செல்லும் நாட்களில் ஓட்டுநருடன் கூடிய வண்டியை முன்பதிவு செய்வதே சரி. நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் செலவு தாங்கக்கூடியதாகிவிடும். பழைய நகர மையங்கள் பலவற்றில் வெளியார் வண்டிகளுக்குத் தடை இருப்பதையும், கேமரா வழியே அபராதம் வீடு தேடி வரும் என்பதையும் கார் எடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

படி 3: நிலவறைகளில் முன்பதிவு செய்தல்

இங்கே நிலவறையைக் ‘கந்தீனா’ என்பார்கள். பெரும்பாலானவை குடும்பமாக நடத்தப்படுபவை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகும் வழக்கம் இங்கு இல்லை. மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே, இலையுதிர்காலம் என்றால் இன்னும் முன்பாகவே, மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். எத்தனை பேர், எந்த நாள், மாற்று நாள் எது, ஆங்கிலத்தில் விளக்கம் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என ஐந்து வரிகளில் எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிய இடங்கள் பல மூடியிருக்கும். ஒரு சந்திப்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். வர முடியாமல் போனால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். உங்களுக்காகத் தோட்ட வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவர் அந்த வீட்டுத் தலைவராகவே இருக்கக்கூடும்.

முதல் சந்திப்புக்கு ‘ப்ரொதுத்தோரி தெல் பர்பரெஸ்கோ’ என்ற கூட்டுறவு நல்ல தேர்வு. 1958இல் ஊர்ப் பாதிரியார் ஒருவரின் முயற்சியில் 19 விவசாயிகள் சேர்ந்து உருவாக்கியது இது. வெவ்வேறு சரிவுகளின் திராட்சையைத் தனித்தனியாகப் புட்டியில் அடைப்பதால், நல்ல ஆண்டுகளில் ஒரே கையால் செய்யப்பட்ட, மண் மட்டுமே மாறுபட்ட ஒயின்களை அடுத்தடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

படி 4: சுவைத்தல்

பரோலோ, பர்பரெஸ்கோ இரண்டுமே நெபியோலோ என்ற ஒரே திராட்சையால் ஆனவை. பரோலோ விற்பனைக்கு வருவதற்கு முன் குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில். பர்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள். அதில் 9 மாதங்கள் மரத்தில். 2021ஆம் ஆண்டு அறுவடையின் பரோலோ 2025இல்தான் கடைக்கு வந்தது என்றால், அந்த விவசாயி எத்தனை காலம் பணத்தை முடக்கிக் காத்திருக்கிறார் என்பது விளங்கும்.

மேசையில் கோப்பைகள் வரும் வரிசை பெரும்பாலும் இப்படியிருக்கும்: முதலில் ஆர்னெய்ஸ் என்ற வெள்ளை ஒயின், பிறகு டோல்செட்டோ, பர்பேரா என்ற சிவப்பு ஒயின்கள், கடைசியில் லாங்கே நெபியோலோவும் பரோலோவும். சில வீடுகளில் முடிவில் சுமார் 5 சதவீத ஆல்கஹால் மட்டுமே உள்ள இனிப்பான மொஸ்காட்டோ தஸ்தி கிடைக்கும். மதுவுக்கே புதியவர்கள் தயங்காமல் அதைக் கேட்டு வாங்கலாம்.

கோப்பையைத் தண்டைப் பிடித்து வெள்ளைத் துணியின் மேல் சாய்த்துப் பாருங்கள். நெபியோலோ அடர்சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் இங்கே வியப்படைவார்கள். அது ஒளி ஊடுருவும் வெளிர் சிவப்பாகவும், ஓரத்தில் செங்கல் நிறமாகவும் இருக்கும். மெல்லச் சுழற்றிவிட்டு நுகர்ந்தால் முதலில் ரோஜா, காய்ந்த செர்ரி; வயது கூடியதில் தாரும் அதிமதுரமும் சேர்ந்த மணம். ஒரு மிடறு வாயில் எடுத்து நாக்கின் மேலும் ஈறுகளின் மேலும் பரவவிடுங்கள். கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் வாய் வறண்டு இறுகும் துவர்ப்பும், அதன் கூடவே உமிழ்நீரை ஊறவைக்கும் புளிப்பும் வரும். இந்த இறுக்கத்தைக் கண்டு ஒயின் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம், இதுவே நெபியோலோவின் இயல்பு. சுவைத்தபின் மேசையிலுள்ள பாத்திரத்தில் துப்பிவிடலாம். அதில் அவமரியாதை எதுவுமில்லை. தேர்ந்தவர்கள் எல்லோரும் அதையே செய்கிறார்கள்.

பீப்பாய்களைப் பார்க்கும்போது, பெரிய பழைய பீப்பாயா, 225 லிட்டர் அளவுள்ள சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாயா என்று கேளுங்கள். சிறிய புதிய பீப்பாய் ஒயினுக்குத் தன் வனிலா மணத்தைக் கொடுக்கும். பெரியது பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். எந்தப் பக்கம் சாய்வது என்பதில் இந்தக் குன்றுகளில் பல ஆண்டுகளாக விவாதம் நடந்திருக்கிறது என்பதால், இந்த ஒரு கேள்வியிலேயே உரையாடல் சூடுபிடித்துவிடும்.

படி 5: மதிய உணவு

உணவகங்களில் மதியம் சுமார் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரைதான் சமையலறை இயங்கும். தாமதமாகப் போனால் ரொட்டிகூடக் கிடைக்காது. முன்னுணவு, பாஸ்தா, முதன்மை உணவு, இனிப்பு என்ற நான்கையும் எல்லோரும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை, இரண்டு போதும்.

தவறவிடக்கூடாதது ‘தயாரின்’. மாவில் முட்டையின் மஞ்சள் கருவைத் தாராளமாகச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய இழைகளாகக் கத்தியால் அரிந்து செய்யப்படும் பாஸ்தா. வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டுமே சேர்த்துப் பரிமாறும்போது அதன் தங்க நிறம் தட்டில் பளிச்சிடும். இப்போது காலையில் சுவைத்த அதே வகை நெபியோலோவை ஒரு கோப்பை கேட்டு வாங்குங்கள். வெண்ணெயின் கொழுப்பும் முட்டையின் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ள, நிலவறையில் முரட்டுத்தனமாகத் தோன்றிய ஒயின் சட்டென்று மென்மையாகி, அதுவரை மறைந்திருந்த பழமணம் மேலெழும்பும். இந்தப் பயணத்தின் பாடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது அந்த ஒரு தட்டிலேயே இருக்கிறது.

டிரஃபிள் காலத்தில் பரிமாறுபவர் காளானைச் சிறு தராசில் நிறுத்துக் காட்டிவிட்டு, உங்கள் தட்டின் மேல் மெல்லிய சீவல்களாகச் சீவி, மறுபடியும் நிறுப்பார். இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் விலை. ஒரு கிராமுக்கு எவ்வளவு என்பதைச் சீவத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வெள்ளை டிரஃபிளைச் சமைப்பதில்லை, சூடான உணவின் ஆவியில் அதன் மணம் எழுந்தாலே போதும். கடைகளில் விற்கும் டிரஃபிள் எண்ணெயில் பெரும்பாலும் செயற்கை மணமே இருப்பதால் அதை வாங்க வேண்டாம்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ‘கார்னே க்ரூதா’ என்பது பச்சைக் கன்றிறைச்சி, ‘வித்தெல்லோ தொன்னாத்தோ’ என்பது சூரைமீன் சாந்து பூசிய கன்றிறைச்சி. ‘பிளின்’ என்ற சிறு கொழுக்கட்டைப் பாஸ்தாவுக்குள்ளும் வழக்கமாக இறைச்சிதான் இருக்கும். ‘பான்யா கௌதா’ காய்கறிகளோடு வந்தாலும் அதன் சாந்தில் நெத்திலி கரைந்திருக்கிறது. சைவர்கள் ‘நியெந்தே கார்னே, நியெந்தே பெஷே’, அதாவது இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தயாரின், உருக்கிய பாலாடைக்கட்டியான ஃபொந்தூத்தா, கஸ்தெல்மான்யோ பாலாடைக்கட்டி சேர்ந்த உருளைக்கிழங்கு ந்யொக்கி ஆகியவை கிடைக்கும். ஆனால் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதால், அதில் உறுதியாக இருப்பவர்கள் முன்பதிவின்போதே கேட்டறிவது நல்லது.

படி 6: நாட்களை அடுக்குதல்

வந்து சேரும் நாளை அல்பாவுக்கு விடுங்கள். சனிக்கிழமையாக அமைந்தால் பழைய நகரத் தெருக்களில் சந்தை பரந்திருக்கும். லாங்கேயின் ஹேசல் கொட்டைகளை அங்கேயே வாங்கிக் கொறிக்கலாம். இந்தக் கொட்டையை நம்பித்தான் ஃபெரெரோ நிறுவனம் இதே அல்பாவில் வளர்ந்தது, அதன் ஹேசல் கொட்டைப் பசையான நுடெல்லா 1964இல் இங்கிருந்துதான் வந்தது.

இரண்டாம் நாள் காலை பர்பரெஸ்கோ. கோபுரத்தின் மேலேறித் தானரோ ஆற்றின் வளைவைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு நெய்வே ஊருக்குச் செல்லலாம்.

மூன்றாம் நாள்தான் உச்சம். காலையில் லா மொர்ரா, மாலையில் செர்ராலுங்கா தால்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலுள்ள லா மொர்ராவின் மண்ணில் விளையும் பரோலோ மணம் மிகுந்ததாகவும் விரைவில் இளகுவதாகவும், கிழக்கிலுள்ள செர்ராலுங்காவின் பழைய, இறுகிய மண்ணில் விளைவது கட்டுக்கோப்பாகவும் நீண்ட ஆயுளோடும் இருக்கும் என்பது இவ்வூர் மரபு. ஒரே ஆண்டின் ஒயினை இரண்டு ஊர்களிலும் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். குறிப்பேட்டில் துவர்ப்பு, புளிப்பு, மணம் என மூன்று வார்த்தைகளுக்கு எதிரே எழுதிவைத்தால், புதியவருக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரியும். லா மொர்ராவின் சதுக்கத்திலிருந்து குன்றுகள் முழுவதும் தெரியும் என்பதால், எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் அங்கே நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரம் இருந்தால் நான்காம் நாள் ப்ரா நகருக்குப் போகலாம். உள்ளூர், பாரம்பரிய உணவுகளைக் காக்கும் ஸ்லோ ஃபுட் இயக்கத்தைக் கார்லோ பெத்ரீனி தொடங்கிய ஊர் அது. ஒற்றைப்படை ஆண்டுகளின் செப்டம்பரில் அங்கே பாலாடைக்கட்டித் திருவிழா நடக்கும்.

படி 7: புட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவருதல்

இந்தியாவுக்குள் சுங்கவரியின்றி ஒருவர் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 750 மில்லி புட்டி இரண்டு அதற்குள் அடங்கும், மூன்றாவது அளவைத் தாண்டிவிடும். கைப்பையில் அனுமதி இல்லை. துணிகளால் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள்.

பரோலோவைப் பல ஆண்டுகள் வைத்திருக்க 12 முதல் 15 டிகிரி வெப்பம் தேவை. நம் ஊர் அலமாரியில் ஒரு கோடையைக்கூட அது நல்லபடியாகத் தாண்டாது. ஒயின் குளிர்பெட்டி இல்லாதவர்கள், இளமையிலேயே குடிக்க ஏற்ற ‘லாங்கே நெபியோலோ’ அல்லது பர்பேராவை வாங்கிவந்து, ஊர் சேர்ந்த சில வாரங்களுக்குள், பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, வெண்ணெயோ நெய்யோ தாராளமாகச் சேர்ந்த உணவோடு பருகலாம்.