தைல மரம் வரைய: ஹான்ஸ் ஹைசன் காட்டிய வழி

மாமரம் வரைந்து பழகிய கை எனக்கு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வந்த முதல் வருடம் முழுக்க, தைல மரத்துக்கும் பச்சையை உருண்டையாகக் குவித்து அடியில் ஒரு தண்டை நட்டுக்கொண்டிருந்தேன். நிலக்காட்சி ஓவியர் ஹான்ஸ் ஹைசனின் ஓவியங்களைப் பார்த்த பிறகுதான் கை திருந்தியது. 1877இல் ஹாம்பர்க்கில் பிறந்து 1884இல் இங்கே வந்த அவர், நிலக்காட்சிக்கான வின் பரிசை ஒன்பது முறை வென்றவர்.

முதலில் தூரிகையைத் தொடாமல் அரை மணி நேரம் மரத்தைப் பாருங்கள். இலைகள் விளிம்பை வெயிலுக்குக் காட்டியபடி செங்குத்தாகத் தொங்கும். அதனால் கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும். நிழலும் அடர்ந்து விழாது. இந்த மரத்துக்கு முகம் என்றால் அது தண்டுதான். எங்கே முறுகுகிறது, எந்தக் கிளை முறிந்து வடுவானது, பட்டை எங்கே நாடாவாக உரிந்து தொங்குகிறது என்று கரியால் வரைந்துகொள்ளுங்கள். ஹைசன் மரம் மரமாக இப்படித்தான் கரியில் படித்தார்.

நீர்வண்ணத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் போதும். தண்டில் வெயில் படும் பக்கத்தில் மெல்லிய யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) தவிர எதையும் பூச வேண்டாம். தாளின் வெள்ளைதான் அங்கே வெயில். அந்த இடத்தில் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நிழலுக்கு அல்ட்ராமரைனும் (அடர்நீலம்) பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) கலந்த சாம்பல். மேலே நீலம் தூக்கலாக இருக்கட்டும், கீழே காய்ந்த புல்லின் ஒளி ஏறுவதால் பழுப்புப் பக்கம் சாயட்டும். இலைக்கு, வண்ணக் குழாயிலிருந்து அப்படியே பிதுக்கிய பச்சை ஆகாது. அல்ட்ராமரைனில் ஆக்கரைக் கலந்து, ஈரம் குறைந்த தூரிகையால் தொட்டுத் தொட்டு வையுங்கள்.

அடிலெய்டுக்கு வடக்கே உள்ள வறண்ட ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போனால் பாடம் மாறும். ஹைசன் 1926இல் முதன்முதலாக அங்கே போனார். வறண்ட காற்றில் தூரத்து மலையும் கூர்மையாகத் தெரியும். தூரம் என்றாலே மங்கலாக்கும் பழக்கம் அங்கே செல்லாது.

அடிலெய்டை ஒட்டிய மலைப்பகுதியில் உள்ள ஹான்டார்ஃப் ஊருக்கு அருகே, 1912இல் அவர் வாங்கிய ‘தி சிடார்ஸ்’ வீட்டையும் ஓவியக்கூடத்தையும் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள மரங்களின் கீழ் உட்கார்ந்து வரையுங்கள். வெட்டவிடாமல் அவர் காத்த மரங்கள் அவை. காலை ஒன்பதுக்கு முன்பே தொடங்குங்கள். நிழல் நகர்ந்துவிட்டால் பழைய தாளைத் திருத்தாமல் புதுத் தாளை எடுங்கள். நான் எப்போதும் மூன்று தாள் கொண்டுபோவேன்.