தெலோனியஸ் மங்க்கைக் கேட்கப் பழகுவது எப்படி?

அமெரிக்க ஜாஸ் கலைஞர் மங்க்கின் பியானோவை முதல் தடவை கேட்கிறவர்கள் பாதிப் பேர் "இந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றுதான் கேட்பார்கள். தெரியும். 1940களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் என்கிற கிளப்பில், பீபாப் என்கிற புது ஜாஸ் பாணி உருவானபோது பியானோவில் உட்கார்ந்திருந்தவர் அவர், தெரிந்தேதான் அப்படி வாசிக்கிறார்.

முதலில் இடம். கச்சான் வீசுகிற நாளில் பாம்பன் கடற்கரையில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், ராமேஸ்வரம் பஸ்ஸும் வேண்டாம். இவர் இசையில் பாதி, வாசிக்காமல் விடுகிற இடங்களில்தான் இருக்கிறது, அதைக் காற்று தின்றுவிடும். ராத்திரி வீட்டில், ஃபேனையும் குறைத்து வைத்துவிட்டுக் கேளுங்கள் (சித்திரையில் கஷ்டம்தான்).

'ப்ளூ மங்க்'கில் தொடங்குங்கள். ஆர்ட் பிளேக்கி டிரம்ஸும் பெர்சி ஹீத் பாஸும் வாசித்த 1954 பதிவு. மெட்டு முணுமுணுக்க வருகிறவரை ஆரம்பத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அப்புறம் தொடையில் ஆதி தாளம் போடுங்கள். இது நாலு அடிக்கு ஒரு பார் என்று 12 பார் கொண்ட ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவம்), அதனால் ஆறு ஆவர்த்தனத்தில், அதாவது 48 அடியில், மெட்டு ஒரு சுற்று சரியாக முடியும். மனோதர்மம் தொடங்கின பிறகும் தாளத்தை விடாமல் மெட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே இருங்கள். தன்னோடு வாசித்தவர்களுக்கே மங்க் சொன்ன யோசனை இது. அப்படிப் பாடினால்தான், அவர் ஒரு இடத்தைக் காலியாக விடும்போது எதை விட்டார் என்று தெரியும்.

அடுத்து அந்த 'அபசுவரங்கள்'. நாகஸ்வரத்தில் சுரத்தை இழுக்கலாம், வளைக்கலாம். பியானோவில் கட்டைக்குக் கட்டை சுரம் நிலையானது, நடுவில் எதுவும் கிடையாது. மங்க் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டை ஒன்றாக அடித்து, சட்டென்று ஒன்றை மட்டும் விட்டுவிடுவார். மிச்சமிருக்கும் சுரம் வளைந்த மாதிரி காதில் விழும். இதைக் கமகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

வீடியோவும் பாருங்கள். விரலை மடக்காமல் நீட்டி வைத்தே வாசிப்பார். அவர் குழுவில் இருந்த சார்லி ரவுஸ் சாக்ஸபோன் வாசிக்கும்போது மங்க் சில நேரம் எழுந்து சுற்றிச் சுற்றி ஆடுவார். அப்போது அவரையே வேடிக்கை பார்க்காமல், பியானோ இல்லாமல் பாட்டு எப்படிப் போகிறது என்று கவனியுங்கள்.

'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' என்கிற அவர் மெட்டு இப்போதைக்கு வேண்டாம். கூட வாசித்தவர்களே இரண்டு டஜன் தடவை முயன்றும் முழுசாக ஒன்று அமையாமல், துண்டுகளை ஒட்டித்தான் வெளியிட்டார்கள்.