செட்டிநாட்டு ஊர்களில் ஒரு தெருவைக் காப்பது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளைக் காக்க வேண்டும் என்று பேசுவோர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு மாளிகையை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் போன்ற ஊர்களோ மொத்தமாக வகுத்துக் கட்டப்பட்டவை. நேரான தெருக்களை அமைத்து, முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு மறு தெருவிலும் திறக்கும்படி மனைகளை அளந்து, ஓட்டுக்கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கித் தெருவோர வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும்படி மட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்க்கப்பட்டபோது, வணிகர்களின் ஊர்த்தொகுதி என்ற அடிப்படையிலேயே சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இடம்பெறுவதால் பணமோ சட்டப் பாதுகாப்போ தானாக வந்துவிடாது. வேலையை ஊரார்தான் தொடங்க வேண்டும். தொடங்குவதற்கு ஏற்ற அளவு ஒரு தெரு என்பது என் உறுதியான கருத்து. ஒற்றை வீட்டைச் சரிசெய்தால் பக்கத்து வீட்டின் இடிந்த சுவரும் அடைபட்ட வாய்க்காலும் அதை மீண்டும் கெடுத்துவிடும். ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் முதல் கூட்டத்தோடு வேலை நின்றுவிடும்.

முதலில் கணக்கெடுப்பு. பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கதவிலக்கம், குடும்பத்தை ஊரார் அறியும் விலாசப் பெயர், இப்போது யார் இருக்கிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, கூரை எந்த நிலையில் இருக்கிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பெரிய வீடுகளோடு நிறுத்தாமல், அதே தெருவில் இருக்கும் சிறிய ஓட்டு வீடுகள், பெட்டிக்கடை, பிள்ளையார் கோயில், பயன்படாத கிணறு, பழைய பள்ளிக் கட்டடம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இந்த வீடுகளை எழுப்பிய கொத்தனார், ஆசாரி, சித்தாள் குடும்பங்கள் பல இன்னும் அந்தந்த ஊர்களிலேயே வாழ்கின்றன. எந்தச் சுவர் எப்போது பிரித்துக் கட்டப்பட்டது என்பது உரிமையாளரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். புகைப்படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்பது அவசியம். பூட்டிக் கிடக்கும் வீட்டின் உள்ளே இருக்கும் பொருள்களையும் பூட்டையும் காட்டும் படங்களைப் பொதுவெளியில் போடவே கூடாது. அது திருடர்களுக்கு நாமே வழிகாட்டுவதாகிவிடும்.

அடுத்தது பங்கு. செட்டிநாட்டில் பெரும்பாலான வீடுகள் கெடுவதற்கு மழையைவிட, கரையானைவிட, இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகள், திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. முற்றமும் முகப்பும் பொது. இரண்டு மூன்று தலைமுறைகளில் ஒரே வீட்டுக்குப் பல பங்குதாரர்கள் உருவாகி, சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பரவியிருக்கிறார்கள். ஒருவர் கூரையைச் சரிசெய்ய விரும்பினாலும், செலவு செய்தால் முழு வீட்டுக்கும் உரிமை கோருகிறாரோ என்று மற்றவர்கள் ஐயப்படுவார்களே என்று தயங்குகிறார். இந்தத் தயக்கத்தைப் போக்குவதே, தெருவைக் காக்க ஊராரும் பங்குதாரர்களும் சேர்ந்து அமைக்கும் தெருக்குழுவின் முதல் பணி.

அதற்கு முதலில், யார் யாருடைய பிள்ளைகள் என்று காட்டும் குடும்ப வழிமுறையை ஒரு தாளில் வரைந்து, வில்லங்கச் சான்று, பட்டா, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். பெண்மக்களின் உரிமையை விட்டுவிட்டு வரையப்படும் வழிமுறை பின்னால் வழக்கில் முடியும் என்பதால், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டிவிடுவது நல்லது. பிறகு பங்குதாரர்களைக் கூட்ட வேண்டும். முன்னோரை வழிபடும் படைப்புக்கோ, கல்யாணத்துக்கோ, நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கோ எல்லாரும் ஊருக்கு வரும் நாளே இதற்கு ஏற்றது. தனியாக நாள் குறித்தால் பாதிப்பேர் வரமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பராமரிப்பைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். பாகப்பிரிவினைப் பேச்சு நுழைந்த உடனே கூரைப் பேச்சு நின்றுவிடும். "ஆச்சி, வீட்டைப் பிரிப்பதைப் பற்றிப் பேச நாங்கள் வரவில்லை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் வந்திருக்கிறோம்" என்று மூத்தவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

பேசி முடித்ததை எழுத்தில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு பங்குக்கு எவ்வளவு, யார் பெயரில் வங்கிக் கணக்கு, கணக்கை யார் சரிபார்ப்பது, சாவி யாரிடம், காவலுக்கு இருக்கும் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, பராமரிப்புக்குப் பணம் கொடுத்ததால் யாருடைய பங்கும் கூடவோ குறையவோ செய்யாது என்பன அதில் இருந்தால் போதும். கோயில் திருப்பணிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுத்த புள்ளிவரியைக் கொடுத்துப் பழகிய குடும்பங்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரை, நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களும் இன்று நல்ல நிலையில் நிற்பதற்கு, பொறுப்பையும் செலவையும் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பழக்கம் பெரிதும் துணை நின்றிருக்கிறது.

உடன்பாடு ஏற்பட்டதும், வெள்ளையடிப்பது, தூணுக்கு மெருகூட்டுவது போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலைகளில் இறங்காமல், கூரையில் தொடங்க வேண்டும். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் கதவு சன்னல்களை அடைத்துவிட்டு, இருட்டான அறையில் நின்று மேலே பார்த்தால், ஓடு விலகிய இடங்களெல்லாம் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரியும். அந்தப் புள்ளிகளுக்கு நேர் கீழே தரையில் சாக்கட்டியால் குறியிட்டு, அருகில் கூரையைத் தாங்கும் கைமரமும் உத்தரமும் சுவரில் நுழையும் இடத்தை ஸ்குரூடிரைவரால் மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். பர்மாத் தேக்கை எளிதில் கரையான் அரிக்காது என்ற நம்பிக்கையில் பலர் இதைச் செய்வதில்லை. தொடர்ந்து ஈரம் படும் மரமுனை எந்த மரமானாலும் உளுத்துப்போகும். ஓடு மாற்றத் தெரிந்த ஆள், ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு நடப்பார். தெரியாதவரை ஏற்றினால் பத்து ஓட்டை மாற்றப்போய் ஐம்பது உடையும். இடிந்த பகுதிகளில் கிடைக்கும் நாட்டு ஓடுகளை விற்றுவிடாமல், தெருவுக்குப் பொதுவாக ஓரிடத்தில் அடுக்கி வைப்பது பின்னால் மிகவும் உதவும். ஆடி, ஆவணி மாதங்களுக்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டிவிட்டால் மட்டும் போதாது. வேர் போன வழியைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தால்தான் அது மறுபடியும் தழைக்காது.

சுவர் வேலையில்தான் நல்ல எண்ணம் கொண்டவர்களே மிகுந்த கேட்டைச் செய்துவிடுகிறார்கள். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை உள்வாங்கி, மெல்ல வெளியே விட்டுவிடும் தன்மை உடையவை. அடிப்பகுதியில் பூச்சு உதிர்கிறது என்று சிமெண்ட் பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்துக்கு மேலே உப்புப் பூத்து, நல்ல பூச்சையும் சேர்த்து உதிர்த்துவிடும். பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயிண்டும் இதையே செய்யும். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்து அரைத்த சாந்தே இங்கே பொருந்தும். கண்ணாடிபோல் மின்னும் அந்த முட்டைவெள்ளைப் பூச்சு, பல அடுக்குப் பூச்சுகளுக்கு மேல் கடைசியாக இழைத்துத் தேய்க்கப்படுவது. அடிப்பூச்சுச் சரியில்லாமல் அதை மட்டும் செய்தால் நிற்காது. முதலில் ஒரு மூலையில் சிறிது இடத்தில் பூசி, ஒரு மழைக்காலம் கடந்தபின் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருவதால், ஒவ்வொரு வேலையிலும் ஒரு மூத்தவரோடு ஓர் இளைஞரையும் சேர்த்து, இருவருக்கும் முழுக்கூலி கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் பையனுக்கு எதற்கு முழுக்கூலி என்று கேட்பவர்கள், சில ஆண்டுகள் கழித்துக் கூப்பிட ஆளில்லாமல் நிற்பார்கள்.

ஆத்தங்குடிக் கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடித் தட்டின் மேல் நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, பின்புறம் மணல் சாந்து நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்யப்படும் இந்தக் கற்களின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறப்படலம் அரித்துப்போகும்; மீட்க முடியாது. தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

இனித் தெருவுக்கு வருவோம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையின் மேலேயே போடுவதால் தெரு உயர்ந்து, திண்ணை தாழ்ந்து, வெளியே போக வேண்டிய மழைநீர் வீட்டுக்குள் நுழைகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, திண்ணைக்கும் சாலைக்கும் இடையே இப்போதுள்ள உயரத்தை அளந்து படத்தோடு மனுக் கொடுத்தால், வேலை தொடங்கும் முன்பே பேச முடியும். போட்ட பிறகு பேசிப் பயனில்லை.

வாய்க்காலையும் ஊருணியையும் பொறுத்தவரை, முதலில் வேண்டியது ஆவணம். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ நில அளவைப் புலப்படத்தையும் நிலத்தின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டு நகலையும் பெற்று, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் புல எண்கள் வழியாக வருகிறது, அது புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பதால், கடியாபட்டிக்காரரும் இராயவரத்துக்காரரும் திருமயத்துக்குப் போக வேண்டும். கானாடுகாத்தான்காரர் காரைக்குடிக்குப் போக வேண்டும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வரத்துக்காலின் வழியே நடந்து, எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே கழிவுநீர் கலக்கிறது என்று குறிக்க வேண்டும். கழிவுநீரைத் திருப்பிவிடாமல் ஊருணியைத் தூர்வாருவது வீண் செலவு. தூர்வாரும்போது செம்புறாங்கல் படிக்கட்டுகளைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் சரிவு அமைக்கும் வழக்கம் பல ஊர்களில் வந்துவிட்டது. மதிப்பீடு தயாரிக்கும் நிலையிலேயே, இருக்கும் கல்லையே எடுத்து மறுபடி அடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிவிட வேண்டும்.

ஆத்தங்குடி போன்ற ஊராட்சிகளில் இதற்கான இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 ஊருணித் தீர்மானத்துக்குப் பொருத்தமான நாள். மழைக்கு முன் வேலை முடியவும் அவகாசம் இருக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற பேரூராட்சிகளில் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். தெருக்குழுவில் பங்குதாரர்கள் மட்டுமே இருந்தால் அது வெளியூர்க்காரர்களின் சங்கமாகிவிடும். ஆண்டு முழுவதும் ஊரில் இருப்பவர்கள், காவல் குடும்பங்கள், பின்தெருவிலும் காலனியிலும் வசிப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், சரிபாதியாவது இருக்க வேண்டும். குப்பை, தெருவிளக்கு, கழிப்பறை என்று அவர்கள் கேட்பவை முதல் ஆண்டிலேயே நடந்தால்தான் இரண்டாம் ஆண்டும் கூட்டத்துக்கு வருவார்கள்.

வருமானத்துக்குப் படப்பிடிப்பு, தங்கும் விடுதி, பார்வையாளர் கட்டணம் என்று வழிகள் உண்டு. எதுவானாலும் ஆணி அடிப்பதில்லை, பெயிண்ட் அடிப்பதில்லை, தூணில் கயிறு கட்டுவதில்லை என்று எழுதி, முன்பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வருமானத்தில் ஒரு பகுதி தெருக்குழுவுக்குப் போகும் என்பதையும் உடன்படிக்கையிலேயே சேர்த்துவிடலாம்.

கடைசியாக, வீட்டுக்குள் இருப்பவை. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் நிற்கும் தூண்களும் நிலைக்கதவுகளும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவையே. விற்பது குடும்பத்தின் முடிவு என்றாலும், நூறாண்டு பழமை கொண்ட கலைப்பொருள்களும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள்களும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு என்பதை விற்பவர் அறிந்திருக்க வேண்டும். மரத்தைவிட எளிதாக அழிவது காகிதம். பேரேடுகள், பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள், இசைகுடிமானம் எனப்படும் திருமண ஒப்பந்த ஓலைகள், மொய்ப்பண ஏடுகள் எல்லாம் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு நூலகத்துக்கு அடித்தளமாயின. ஒரு தனிமனிதர் எடுத்துவைத்ததால் மட்டுமே அவை இன்று கிடைக்கின்றன. வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில் பெட்டகத்தில் இருக்கும் எந்தத் தாளையும் வெளியே போடக் கூடாது என்று காவல் குடும்பத்திடம் சொல்லிவைத்து, தாள்களை நிழலில் உலர்த்தி, ரப்பர் பேண்ட் போடாமல் பருத்தி நாடாவால் கட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அந்தப் படங்களைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். மூலத்தை நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுப்பதானால், பங்குதாரர்கள் அனைவரின் ஒப்புதலோடு, என்னென்ன கொடுக்கப்பட்டது என்ற பட்டியலில் பெறுபவரின் கையொப்பத்தை வாங்கி, அந்தப் பட்டியலை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைக்க வேண்டும்.